அணைத்து வைத்த டோர்ச்சில் பற்றரி இறங்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பழைய லெப்டொப் பற்றரியை உடைத்து எடுத்த ஒரு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பற்றரி), டிபி4056 சார்ஜிங் போர்ட், 1 வொட் எல்.ஈ.டி, ஒரு சுவிட்ச், ஒரு சாண் நீளத்துக்குப் பிவிசி குழாய். எங்கள் மலைப்பக்கம் வீட்டில் செய்கிற டோர்ச் பெரும்பாலும் இவ்வளவுதான். செய்து கொடுத்த அன்றைக்கு நன்றாக எரியும். ஒரு வாரம் கழித்து அதே டோர்ச் திரும்பி வரும், "தம்பி, நான் சுவிட்ச போடவே இல்ல, பற்றரி செத்துப் போச்சு" என்று. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) ரோட்டுக்கு இறங்குகிற கல்படியில் நடுராத்திரி வெளிச்சம் போனால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற இடம், மழைக்கு வழுக்குகிற படி, சில இரவுகளில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியும் வரும். அதனால்தான் இந்தப் பிழையை நான் சும்மா விடுவதில்லை.

டோர்ச் இறங்கினால் எல்லோரும் முதலில் செல்லை மாற்றுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். கரண்ட் எங்கேயோ ஒழுகுகிறது என்றால் புதுச் செல்லும் அதே வழியாக ஒழுகிவிடும், காசும் போகும்.

முதலில் மீட்டரை ஒழுங்காக வைக்கப் பழகுங்கள்

டவுனில் மலிவாகக் கிடைக்கிற மஞ்சள் டிடி830 மீட்டரே போதும். செல்லின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை வைக்க வேண்டும், கரண்ட் மீட்டருக்குள்ளாகப் போக வேண்டும். கரண்ட் அளக்கும் நிலையில் மீட்டரை செல்லின் இரண்டு முனைக்கும் நேராக வைத்துவிடாதீர்கள், அது ஷோர்ட். மீட்டரின் 10 அம்பியர் ஓட்டைக்குப் பெரும்பாலான மலிவு மீட்டர்களில் பியூசே கிடையாது, வயர் கையிலேயே சுடும்.

சிவப்பு வயரை முதலில் 10 அம்பியர் ஓட்டையில் போட்டு, சுவிட்சை அணைத்துப் பாருங்கள். 0.00 காட்டினால் பயமில்லை, சிவப்பு வயரை mA என்று எழுதிய ஓட்டைக்கு மாற்றி 200 மில்லி அம்பியர், பிறகு 20, பிறகு 2000 மைக்ரோ (1000 மைக்ரோ என்றால் 1 மில்லி) என்று படிப்படியாகக் கீழே இறங்குங்கள். கீழே இறங்கிய பிறகு மறந்தும் டோர்ச்சின் சுவிட்சைப் போடக் கூடாது. 1 வொட் எல்.ஈ.டி 350 மில்லி அம்பியர் இழுக்கும், மீட்டரின் சின்னப் பியூஸ் அங்கேயே போய்விடலாம். போன பியூசோடு அளந்தால் எல்லாமே பூச்சியமாகத்தான் காட்டும், "ஒழுக்கே இல்லை" என்று நம்பி ஒரு நாள் முழுக்க வீணாக்கிய ஆட்களை எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லோடு தொடராக வைத்து 20 மில்லி நிலையில் அளந்து பாருங்கள், 4 மில்லி அம்பியருக்குக் கிட்டக் காட்டினால் மீட்டர் நலமாக இருக்கிறது.

இன்னொன்று. டிபி4056 போர்டில் பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்தே வருகிற வகை என்றால், செல்லைக் கழற்றித் திரும்ப மாட்டியதும் சில நேரம் டோர்ச் எரியாது. பழுது என்று நினைக்காதீர்கள். போன் சார்ஜரை ஒரு நொடி குத்தி எடுங்கள், போர்ட் விழித்துக்கொள்ளும்.

எவ்வளவு வந்தால் சரி? சுவிட்ச் நேரே செல்லை வெட்டுகிற மாதிரி இருந்தால் பூச்சியம் வர வேண்டும். சார்ஜிங் போர்ட் எப்போதும் செல்லோடு இருந்தால் 10 மைக்ரோவுக்குள். அழுத்தினால் மாறும் எலக்ட்ரொனிக் பட்டன் வைத்த டோர்ச்சில் சில பத்து மைக்ரோ இருக்கலாம், அது பற்றரிக்கு ஒரு பொருட்டே இல்லை. 1 மில்லி அம்பியரைத் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். 2000 மில்லி அம்பியர் மணி செல் ஒன்று 1 மில்லி ஒழுக்கில் 83 நாள் தாங்கும், 20 மில்லி ஒழுக்கில் நாலே நாளில் முடிந்துவிடும்.

அறிகுறி 1: அணைத்து வைத்தது, சில நாளில் செத்துப்போனது

முதலில் கண்ணால் பாருங்கள். சுவிட்சுக்கு முன்னால் செல்லோடு நேரே சேர்ந்திருப்பது என்னென்ன? பெரும்பாலும் பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

எங்கள் தோட்ட டிவிஷனில் இரவுக் காவலுக்குப் போகிற மாமா ஒருவர் ஒரு டோர்ச் கொண்டுவந்தார், நான் செய்தது இல்லை, அவருடைய மகன் செய்தது. குழாயின் பின்மூடியில் வோல்ட் காட்டுகிற குட்டி டிஸ்பிளே, சிவப்பு எண்ணில் 3.9 என்று அழகாக எரிந்துகொண்டிருந்தது. "பற்றரி எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கலாம்ல தம்பி" என்றார். அந்தச் சிவப்பு எண்தான் இரவும் பகலும் 15 மில்லி அம்பியர் குடித்துக்கொண்டிருந்தது, அஞ்சரை நாளில் செல் காலி. டிஸ்பிளேயின் சிவப்பு வயரை சுவிட்சின் மறுபக்கத்துக்கு மாற்றி வைத்தேன், பத்து நிமிட வேலை. இப்போது டோர்ச்சைப் போடும்போது மட்டும் எண் தெரிகிறது, அவருக்கும் அது போதும்.

இதே மாதிரிதான் இருட்டில் டோர்ச்சைக் கண்டுபிடிக்க என்று வைக்கிற குட்டிச் சிவப்பு எல்.ஈ.டி. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வைத்தால் 1.7 மில்லி போகும். ஆசைக்கு வேண்டுமென்றால் 47 கிலோ ஓம் போடுங்கள், இருட்டில் அதுவும் தெரியும், செல்லுக்கும் பாரமில்லை.

அப்புறம் பூஸ்ட் போர்ட், அதாவது செல்லின் வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிற போர்ட். 12 வோல்ட் எல்.ஈ.டி பட்டியை எரிக்க எம்டி3608 மொடியூல் வைத்து, சுவிட்சை அந்த மொடியூலுக்குப் பிறகு போட்டிருப்பார்கள். எல்.ஈ.டி அணைந்திருக்கும், மொடியூல் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும், சும்மா இருக்கும்போதே 1 மில்லி, 2 மில்லி என்று தின்னும். சுவிட்சை செல்லுக்கும் மொடியூலுக்கும் நடுவில் கொண்டுவந்து போடுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் வெட்டி வெட்டிப் பார்க்க வேண்டியதுதான். மீட்டர் செல்லின் மைனஸில் இருக்கட்டும். சுவிட்சின் ஒரு வயரை எடுங்கள். ஒழுக்கு நின்றால் பிழை சுவிட்சிலோ அதற்கு அந்தப் பக்கத்திலோ. நிற்காவிட்டால் சார்ஜிங் போர்டின் வெளியேறும் இரண்டு வயரையும் எடுங்கள். இன்னும் ஓடினால் போர்டேதான் குடிக்கிறது, மாற்றிவிடுங்கள், அதைப் பழுது பார்க்க உட்காருகிற நேரத்துக்குப் புதுப் போர்டின் விலை பெரிதில்லை.

போர்டை மாற்றும்போது ஒன்றைப் பாருங்கள். எல்.ஈ.டி பக்கம் போகிற வயரை செல்லின் முனையிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒட்டினால் பாதுகாப்புச் சிப் நடுவில் இருக்காது, செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். வெளியேறும் வயருக்கென்று போர்டில் தனி இடம் உண்டு, அங்கே ஒட்டுங்கள்.

அறிகுறி 2: சுவிட்ச் அணைத்தும் எல்.ஈ.டி மங்கலாக மினுங்குகிறது

இருட்டறையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளை எல்.ஈ.டிக்கு சில மைக்ரோ அம்பியர் போதும், மின்மினி மாதிரி தெரியும். அதனால் மினுங்குகிறது என்பதற்காகவே பற்றரி இறங்கும் என்று முடிவுக்கு வராதீர்கள், அளந்து பாருங்கள். 50 மைக்ரோ என்றால் செல்லுக்கு ஒன்றுமில்லை, ஆனால் எங்கேயோ ஈரமோ அழுக்கோ சேர்கிறது என்று அது முன்கூட்டியே சொல்கிறது.

சுவிட்சின் ஒரு வயரை எடுத்ததும் மினுக்கம் நின்றால் சுவிட்சைக் கழற்றி, அணைத்த நிலையில் ஓம் அளந்து பாருங்கள். மீட்டர் 1 என்று வெறுமையாகக் காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் சுவிட்சை மாற்றுங்கள், அதைத் திறந்து தேய்ப்பதில் பலனில்லை, இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

மொஸ்பெட் (மூன்று கால் எலக்ட்ரொனிக் சுவிட்ச்) வைத்துச் சுவிட்ச் செய்தவர்கள், அதைத் திறந்து மூடுகிற கேட் காலைப் பாருங்கள். அந்தக் காலை சுவிட்ச் விட்ட பிறகு யாராவது மைனஸுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அது அந்தரத்தில் தொங்கும், விரல் கிட்டப் போனாலே எல்.ஈ.டி மின்னும். கேட்டுக்கும் சோர்சுக்கும் (மைனஸ் பக்கக் கால்) நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சமதரையில் இருக்கிறவர்கள் 100 கிலோ ஓம் போட்டுச் சமாளிப்பார்கள், நம் மூடுபனிக்கு 10 கிலோவே நல்லது. டோர்ச் எரியும்போது மட்டும் அது 0.4 மில்லி எடுக்கும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எம்டி3608 போர்டின் உள்சிப்பை மட்டும் அணைத்து வைத்து ஒற்றை எல்.ஈ.டியை எரிக்கிறவர்களுக்கும் இந்த மினுக்கம் வரும். அந்த மொடியூலில் செல்லின் வோல்ட் கம்பிச்சுருள் வழியாகவும் டயோட் வழியாகவும் நேரே வெளியே போய்விடுகிறது, சிப் தூங்கினாலும் அந்த வழி அடைபடாது. அங்கேயும் செல்லை வெட்டுகிற சுவிட்ச்தான் தீர்வு.

அறிகுறி 3: எரியும்போது கணக்குக்கு மேல் இழுக்கிறது, தலை சுடுகிறது

ஒரு 2000 மில்லி அம்பியர் மணி செல், 350 மில்லி இழுக்கிற எல்.ஈ.டி என்றால் அஞ்சரை மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியிலிருந்து நடுராத்திரி ஏறுகிறவர்கள் சூரியோதயம் வரை இதை நம்பித்தான் ஏறுகிறார்கள், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சீசன் முடிகிற மட்டும் எனக்கு வருகிற டோர்ச்சில் பாதி "ரெண்டு மணி நேரத்துல நின்னுருச்சு" என்கிற வகைதான்.

முதலில் ரெசிஸ்டரின் நிறத்தைப் பாருங்கள். செம்மஞ்சள், செம்மஞ்சள், பொன் என்றால் 3.3 ஓம். செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளி என்றால் 0.33 ஓம். மங்கல் வெளிச்சத்தில் பொன்னும் வெள்ளியும் ஒன்று போலத் தெரியும், இந்த ஒரு தவறுக்காகக் கருகிய எல்.ஈ.டிகளை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். நிறைந்த செல் 4.2 வோல்ட், எல்.ஈ.டிக்கு 3.1 வோல்ட் போனால் மீதி 1.1 வோல்ட், அதை 3.3 ஓமால் வகுத்தால் 330 மில்லி. சரியான அளவு. ரெசிஸ்டர் 1 வொட் தாங்குவதாக இருக்கட்டும், கால் வொட் ரெசிஸ்டர் கருகும்.

ரெசிஸ்டரே போடாமல் எல்.ஈ.டியை நேரே செல்லோடு சேர்த்தவர்கள் இதைக் கவனியுங்கள். எல்.ஈ.டி சூடாகும்போது அதற்குத் தேவைப்படும் வோல்ட் குறையும், அதனால் கரண்ட் ஏறும், ஏறினால் இன்னும் சுடும். மீட்டரில் எண் நகர்ந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம், போட்டதும் 500, இரண்டு நிமிடத்தில் 700. நாலைந்து எல்.ஈ.டியைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் வைத்தாலும் இதே கதைதான், ஒன்று மட்டும் அதிகமாக இழுத்து முதலில் சாகும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை என்றால் ஏஎம்சி7135 சிப் ஒன்று வாங்குங்கள், செல் நிறைந்திருந்தாலும் 350 மில்லிக்கு மேல் விடாது.

ரெசிஸ்டர் சரி, எல்.ஈ.டி சரி, இன்னும் கூடுதலாக இழுக்கிறது என்றால் எல்.ஈ.டி ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டைச் சோதியுங்கள். பீப் சத்தம் போடும் நிலையில் மீட்டரை வைத்து, ஒரு முனை தகட்டில், மறு முனை எல்.ஈ.டியின் பிளஸில், பிறகு மைனஸில். இரண்டிலும் சத்தம் வரக் கூடாது. வந்தால் ஈயத் துளி ஒன்று கீழே வழிந்து தகட்டைத் தொட்டிருக்கும், அல்லது அந்த எல்.ஈ.டியின் அடிப்பாகமே ஒரு முனையோடு சேர்ந்த வகையாக இருக்கும். குழாய் இரும்பு என்றால் இது நேரே ஷோர்ட் ஆகும்.

பூஸ்ட் போர்ட் வைத்த டோர்ச்சுக்கு மட்டும் ஒரு விஷயம், இது பிழையே இல்லை. செல் இறங்க இறங்க அது இழுக்கிற கரண்ட் கூடும். 12 வோல்ட் பட்டிக்கு 3 வொட் வேண்டுமென்றால் செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது ஏறக்குறைய 0.95 அம்பியரும், 3.2 வோல்ட்டில் 1.1 அம்பியரும் போகும். நேற்று அளந்ததும் இன்று அளந்ததும் வேறாக இருக்கிறதே என்று போர்டைக் குறை சொல்லாதீர்கள். செல்லைப் பிடிக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலும் இதே போல் கூடும், ஸ்பிரிங்கைத் தொட்டால் சுடும்.

அறிகுறி 4: வெயில் நாளில் ஒன்றுமில்லை, மழை நாளில் மட்டும் இறங்குகிறது

இது நம் ஊர் வியாதி. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையில் சுவர், கம்பளி, உப்புப் பாத்திரம் எல்லாம் நசநசத்துப் போகும், டோர்ச்சுக்குள் மட்டும் ஈரம் போகாமல் இருக்குமா? பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருஷக் கடைசி மழையில் இதே பாடு.

ஒரு டோர்ச்சைத் திறந்தபோது ஈயம் வைத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பச்சையும் வெள்ளையுமாய் மாவு பூத்திருந்தது. ஈயம் வைக்கும்போது தடவுகிற பசையின் மிச்சம் ஈரத்தை இழுத்து, இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு வழி போட்டுவிட்டது. காலையில் பனி இருக்கும்போது அளந்தேன், 6 மில்லி அம்பியர். செல்லைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் கொஞ்ச நேரம் தள்ளி வைத்து, மத்தியானம் திரும்ப மாட்டி அளந்தேன், 40 மைக்ரோ. அதே டோர்ச், ஒரு வயரைக்கூட மாற்றவில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பசை முழுக்கப் போகும் வரை தேய்த்து, ஒரு இரவு காற்றில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சிப்பும் ஈயப்புள்ளிகளும் இருக்கிற பக்கத்தில் நகப்பூச்சு, நிறமில்லாதது, மெல்லியதாக ஒரு கை. எல்.ஈ.டியின் முகத்திலும் சுவிட்சுக்குள்ளும் படக் கூடாது. குழாயின் மூடியை முழுக்க அடைப்பதாக இருந்தால் வெயில் நாளில் அடையுங்கள், மழை நாளில் அடைத்தால் ஈரத்தையும் உள்ளே வைத்து அடைத்த மாதிரி. போர்டைக் காயவைக்க அடுப்படி சரி, செல்லை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி 5: சார்ஜ் போட்டால் சிவப்பு லைட் அணையவே மாட்டேன் என்கிறது

சுவிட்ச் போட்டபடியே சார்ஜ் குத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், அநேகமாக அதுதான். செல்லுக்குள் போகிற கரண்ட் பத்தில் ஒன்றாகக் குறையும்போது, அதாவது 1 அம்பியருக்கு அமைத்த போர்டில் 100 மில்லியில், டிபி4056 வேலையை முடித்துக்கொள்ளும். எல்.ஈ.டி 350 மில்லி இழுத்துக்கொண்டிருந்தால் அந்த 100 ஒருபோதும் வராது, செல் இரவு முழுக்க 4.2 வோல்ட்டில் கிடக்கும், அது செல்லுக்குக் கெடுதல். சுவிட்சை அணைத்தும் அணையவில்லை என்றால் பிழை செல்லில். பழைய செல்லுக்கு 1 அம்பியர் அதிகம்தான், போர்டில் இருக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து 2.4 கிலோ போட்டால் அரை அம்பியராகும், மெதுவாக ஏறினாலும் பழைய செல்லுக்கு அதுவே சுகம்.

அறிகுறி 6: மீட்டரில் ஒழுக்கே இல்லை, ஆனாலும் இறங்குகிறது

இப்போதுதான் செல்லைச் சந்தேகப்பட வேண்டும். நிறையச் சார்ஜ் ஏற்றி, கழற்றி, இரண்டு மணி நேரம் விட்டு வோல்ட் எழுதிவையுங்கள். ஒரு வாரம் தனியாக வைத்துத் திரும்ப அளக்க வேண்டும். 4.15க்கு மேல் நின்றால் நல்ல செல். 4.0க்குக் கீழே வந்தால் அது தன்னைத்தானே தின்கிறது, டோர்ச்சுக்கு ஆகாது. லெப்டொப்பிலிருந்து எடுத்த ஆறில் ஒன்றிரண்டு இப்படி இருப்பது வழக்கம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

செல்லின் மேல் உறையையும் பாருங்கள். 18650 செல்லில் பிளஸ் முனையின் நடுப்பொட்டு மட்டும்தான் பிளஸ், அதைச் சுற்றி விளிம்பு வரை உள்ள உடம்பு முழுக்க மைனஸ். விளிம்பில் உறை கிழிந்து, அங்கே பிளஸ் வயரோ தகடோ அழுத்தினால் நேரே ஷோர்ட். கிழிந்த உறையோடு எந்தச் செல்லையும் நான் குழாய்க்குள் போட மாட்டேன், கடதாசி வளையமும் புது உறையும் போட்ட பிறகுதான்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

செல் சும்மா இருக்கும்போதே சுட்டால், பழைய போன் பற்றரி வைத்த டோர்ச்சில் அது உப்பியிருந்தால், இனிப்பான மருந்து வாசம் மாதிரி ஏதாவது வந்தால், சோதனை எல்லாம் வேண்டாம். வெளியே, கல் மேலோ மண் மேலோ, பிள்ளைகள் போகாத இடத்தில் வையுங்கள். பல நாள் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லுக்குச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம், உள்ளே ஷோர்ட் ஆகியிருக்கலாம், ஏற்றும்போதுதான் அது தெரியவரும். அடுப்பிலோ லயத்துக் கானிலோ (சாக்கடையிலோ) போடாமல், முனைகளுக்கு டேப் ஒட்டி, பழைய பற்றரி எடுக்கிற போன் கடையில் கொடுத்துவிடுங்கள்.

போர்டில் நூறு மில்லிக்கு மேல் ஒழுகுகிறது, எந்தச் சிப் என்று தெரியவில்லை என்றால் ஒரு சோதனை மட்டும் வீட்டில் செய்யலாம். செல்லை இணைத்து, போர்டின் மேல் ஒரு சொட்டு ஸ்பிரிட் தடவுங்கள், சுடுகிற சிப்பின் மேல்தான் அது முதலில் காயும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. அதிலும் தெரியாவிட்டால் டவுனில் போன் போர்ட் வேலை செய்கிறவரிடம் கொடுங்கள், அவர் மேசையில் கரண்ட் காட்டுகிற பவர் சப்ளை இருக்கும், பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சார்ஜர் பக்கம், 230 வோல்ட் போகிற இடத்தில் பிழை என்றால் அதைத் திறக்கவே வேண்டாம், வேறு சார்ஜர் வாங்குங்கள். சுவர்ப் பிளக்கில் கருகல் இருந்தால் வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சரிசெய்து முடிந்ததும் நான் ஒரு துண்டு டேப்பில் தேதி, அணைத்த நிலைக் கரண்ட், எரியும் நிலைக் கரண்ட் மூன்றையும் எழுதிப் பின்மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுவேன். காவல் மாமாவின் டோர்ச்சில் இப்போது "4 மைக்ரோ, 340 மில்லி" என்று இருக்கிறது. அடுத்த மழைக்கு அவர் கொண்டுவரும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.